அபிப்பிராயம் கேட்க ஒரு காலம் உண்டு

புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய அன்றே ஒரு சாமான் இலவசமாக வந்து இறங்கத் தொடங்கிவிடும். செங்கல்லுக்கு விலை உண்டு. கம்பிக்கு விலை உண்டு. ஜல்லிக்கும் மணலுக்கும் விலை உண்டு. அபிப்பிராயத்துக்கு மட்டும் விலையே கிடையாது. லாரி லாரியாக வரும்!

முன்பெல்லாம் மனைக்கு நேரில் வருகிறவர்கள்தான் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது தினமும் மாலையில் கட்டடத்தைச் செல்போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் உற்றார் உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுகிறோம். அரை மணி நேரத்துக்குள் மும்பையிலிருந்து அத்தை, "ஹால் சின்னதாகத் தெரிகிறதே!" என்பார். கோவையிலிருந்து மாமா, "மாடிப்படி வலது பக்கம் வரவே கூடாது" என்பார். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர், "இடது பக்கம்தான் கூடாது" என்று அடித்துச் சொல்வார். வீட்டுக்காரருக்குத் தலை சுற்றும். மறுநாள் காலையில் மேஸ்திரிக்கும் சுற்றும்.

அதற்காக யாரையுமே கேட்காமல் கட்டிவிடலாமா? கூடாது. கேட்கத்தான் வேண்டும். யாரை, எதை, எப்போது கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். பிளான் போடும்போது ஐயாவும் இன்ஜினீயரும் மேஜை மேல் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பிறகு கிருகப்பிரவேசத்தன்று, பால் பொங்கும் வேளையில், "சமையலறை எப்படி, திருப்திதானே?" என்று அவரைக் கேட்பார்கள். அப்போது அவர் என்ன சொல்ல முடியும்? "பேஷாக இருக்கிறது" என்றுதான் சொல்வார். அவருடைய வளையல்கள் கட்டடத்துக்காக அடகுக் கடைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும். வளையல் வேண்டியிருந்தது, அபிப்பிராயம் மட்டும் வேண்டியிருக்கவில்லை!

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. இன்று உலகமெங்கும் வரிசையாக அலமாரியும் மேடையும் வைத்துக் கட்டுகிற சமையலறைக்கு மூதாதை என்று ஒன்றைச் சொல்வார்கள். 1926-ல் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகர வீடுகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைப் பெண்மணி அதை வகுத்தார். அகலம் சுமார் 6 அடி, நீளம் சுமார் 11 அடி. வேலைக்கு ஆகும் நேரத்தையும் நடையையும் கணக்கிட்டு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி அமைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது வந்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் குடிவந்த பெண்மணிகள் சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டாவது ஆள் உள்ளே நின்று உதவ இடமில்லை. ஒரு மேஜை போட்டு உட்கார இடமில்லை என்றார்கள். 2000-ஆம் ஆண்டு வரை, 102 வயது வாழ்ந்த அந்த அம்மையார் பிற்காலத்தில் ஒரு ரகசியத்தைச் சொன்னார். அந்தச் சமையலறையை வகுக்கும்வரை அவர் சமைத்ததே இல்லையாம்!

மேதைக்கே இப்படியென்றால் நம் மேஸ்திரியைக் குறை சொல்லி என்ன பயன்? அடுப்படியில் நிற்கப் போகிறவர்தான் வாயைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு நாலு வேளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கடந்து போனால் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.

முதல் வேளை, மண்வெட்டி விழுவதற்கு முன். காகிதத்தில் எல்லா அறையும் விசாலமாகத்தான் தெரியும். ஆகவே மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு வீட்டிலுள்ள அனைவரும் அதற்குள் நடந்து பாருங்கள். இங்கே அடுப்பு, இங்கே தொட்டி, இங்கே கிரைண்டர் என்று ஒவ்வோர் இடத்திலும் கல்லை வைத்து, இட்லிக்கு அரைப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை ஒரு நாள் வேலையை நடித்துப் பாருங்கள். தெருவில் போகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சமையல் மேடையின் உயரத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகு வலிக்காது. மாடிப்படியைப் பற்றி வீட்டிலேயே வயதில் மூத்தவரைக் கேளுங்கள். ஒரு படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. பாட்டியின் முழங்காலோ இன்னும் குறையச் சொல்லும். பாட்டி சொல்வதைக் கேளுங்கள்!

இரண்டாவது வேளை, மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள். விளக்குக்கும் விசிறிக்கும் மின்கம்பி போகும் குழாய்களைத் தளத்துக்குள்ளேயே பதித்துவிடுவார்கள். கட்டில் எந்த மூலையில், விசிறி எந்த இடத்தில் என்று அன்று சொல்லாவிட்டால், அப்புறம் உளியும் சுத்தியலும்தான் பேசும்.

மூன்றாவது வேளை, சுவரைப் பூசுவதற்கு முன். மிக்ஸிக்கு எங்கே பிளக், இஸ்திரிப் பெட்டிக்கு எங்கே பிளக் என்பதெல்லாம் அப்போது கேட்க வேண்டிய கேள்விகள். உங்கள் செல்போனுக்கு உண்மையான வேலை இருப்பதும் அன்றுதான். தண்ணீர்க் குழாயும் மின்கம்பிக் குழாயும் பதித்த சுவர் ஒவ்வொன்றையும், அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துச் சுவாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது, குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம் சொல்லும். அத்தை அனுப்பிய அபிப்பிராயம் அப்போது எங்கே இருக்குமோ!

நாலாவது வேளையைப் பற்றி யாருமே வாயைத் திறப்பதில்லை. பெயிண்ட் என்ன நிறம் என்று கேட்காதவர் இல்லை. "கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டீர்களா?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தின் 2000-ஆம் ஆண்டு விதி வகுத்தது. வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் சில நாள் கூட்ட வேண்டும். தளத்தின் மேல் பாத்தி கட்டி, தண்ணீர் தேக்கி வைப்பது அதற்காகத்தான். புகைப்படத்தில் சுவரின் அழகு தெரியும். அது தண்ணீர் குடித்ததா என்பது தெரியாது. காலையிலும் மாலையிலும் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவது, ஆயிரம் அபிப்பிராயத்துக்குச் சமம்.

கேட்கக் கூடாத விஷயமும் ஒன்று உண்டு. தூண், உத்தரம், கம்பியின் கனம் ஆகிய மூன்றிலும் உறவினர் வாக்குச் செல்லாது. மாமா சொன்னார் என்று தூணை ஓர் அடி நகர்த்தினால், வீட்டின் பாரத்தை மாமாவா வந்து தாங்குவார்? அதை இன்ஜினீயரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மாறுதல்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி, அதற்கு ஆகும் கூடுதல் தொகையையும் குறித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். "அன்றைக்கு நீங்கதானே சொன்னீங்க?" என்ற சண்டைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

கடைசியாக, கிருகப்பிரவேசத்துக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். "இந்த ஜன்னலை அந்தப் பக்கம் வைத்திருக்கலாமே!" என்று தயவு செய்து சொல்லாதீர்கள். அவர்கள் பட்ட கடன் அடையவே இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். சொல்லித்தான் தீர வேண்டுமென்றால், பாயசத்தில் சர்க்கரை குறைவு என்று சொல்லுங்கள். அதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது!