ஃபாரஸ்ட்காரர் போலீஸா? ஆமாங்கறேன்!

இங்க அமெரிக்காவுல, ஜெயில் காவலரைப் போலீஸ் கணக்குல சேர்க்கணுமா வேண்டாமான்னு ஒரு தீராத சண்டை உண்டு. ஆபீஸ்ல யாராவது இதை ஆரம்பிச்சா எனக்கு ஞாபகம் வர்றது எங்க சந்திரகிரியை ஒட்டின சேஷாசலம் காடுதான். அங்கயும் இதே கேள்விதாங்க: ஃபாரஸ்ட்காரர் போலீஸா, இல்லையா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். போலீஸ்தான். ஆனா அவங்க கேக்கற காரணத்துக்காக இல்லை.

அவங்க கேக்கறது துப்பாக்கி, இன்சூரன்ஸ், செத்தா குடும்பத்துக்கு நஷ்டஈடு. நியாயம்தான். 2013 டிசம்பர்ல செம்மரக் காட்டுல ரெண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டாங்க. கேக்கறதைத் தாராளமா குடுங்க. அதுக்குப் போலீஸ்ங்கற பேரே வேண்டாம், ஒரு அரசாணை போதும்.

பேர் தேவைப்படறது வேற இடத்துல. போலீஸ் அதிகாரிகிட்ட குத்தத்தை ஒப்புக்கிட்டா அது கோர்ட்டுல செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்துல 25-வது பிரிவு, இப்ப புதுச் சட்டத்துல 23. வெள்ளைக்காரனே தன்னோட போலீஸை நம்பலை பாருங்க! வனத்துறை அதிகாரியும் வாரண்ட் இல்லாம கைது பண்ணலாம், சோதனை போடலாம், விசாரிக்கலாம். ஆனா அவர் "போலீஸ் அதிகாரி இல்லை"ன்னே கோர்ட்டுகள் பொதுவா சொல்லிட்டு வந்ததால, அவர்கிட்ட ஒப்புக்கிட்டது சாட்சியமாயிடலாம். அதிகாரம்னா போலீஸ் மாதிரி, கட்டுப்பாடுன்னா மட்டும் வேற ஆளா? நல்ல கதையா இருக்கே!

இதுல மாட்டறது யாரு? ஜவ்வாது மலைப் பக்கத்துலேர்ந்து கூலிக்கு மரம் வெட்ட வர்ற ஏழைங்க. 2015 ஏப்ரல் 7 அன்னிக்கு சந்திரகிரி மண்டலத்துல 20 பேரைச் சுட்டுக் கொன்ன அதிரடிப்படையில போலீஸ், வனத்துறை ரெண்டு பேருமே உண்டு. தற்காப்புன்னாங்க இவங்க, போலி என்கவுன்டர்னாங்க மனித உரிமைக்காரங்க. அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். காட்டுக்குள்ள ஒண்ணா போறவங்க, கோர்ட் வாசல்ல மட்டும் எப்படி ரெண்டா பிரியறாங்க?

"காட்டுல சாட்சி ஏதுங்க, ஒப்புதல் இல்லாம கேஸ் எப்படி நிக்கும்?"னு கேப்பீங்க. சாட்சி இல்லாத இடத்துலதான் அடிச்சு வாங்கறதும் சுலபம். மனசார ஒப்புக்கறவனை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துங்க, அதுக்குச் சட்டத்துல வழி இருக்கு. வெட்டின கட்டை, லாரி, போன் கால் கணக்கு எல்லாத்தையும் தேடுங்க. அந்த 2013 கொலை வழக்குலயே நூத்துக்கணக்குல தமிழ்க் கூலிகளைப் பிடிச்சு உள்ள போட்டாங்க. 2016ல அத்தனை பேரும் விடுதலை. செத்த அதிகாரிகளுக்கு என்ன நியாயம் கிடைச்சுது, சொல்லுங்க?

2020 அக்டோபர்ல தூஃபான் சிங் வழக்குல (எதிர்த்தரப்பு நம்ம தமிழ்நாடு அரசு), போதைப்பொருள் சட்டத்துல அதிகாரம் பெற்ற அதிகாரிகளும் இந்த விஷயத்துல போலீஸ்தான்னு உச்ச நீதிமன்றம் 2-1ன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதே நியாயம் காட்டுக்கும் வரணும். ஆந்திர வனச் சட்டத்துல ஒரே ஒரு வரி சேருங்கய்யா.

துப்பாக்கியும் குடுங்க, கடிவாளமும் போடுங்க. ஒண்ணு மட்டும் வேணும்னா எப்படி?