காவோ லாக் கடற்கரைக்கு எந்த வண்டி?

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எந்த வண்டியில் ஏறுவது என்ற கேள்வி இலக்கியம் படிக்கிறவர்கள் கூடி விவாதிக்கத் தக்கதுதானா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கும் நிலையில் நாங்கள் இல்லை. 2025 ஜனவரியில் தாய்லாந்தின் புக்கெட் விமான நிலையத்திலிருந்து காவோ லாக் கடற்கரைக்குச் செல்ல நாங்கள் வண்டி தேர்ந்த விதம், எங்கள் ஆசிரியர் ஒருவரை மூன்று நாள் அறையிலேயே கிடத்திவிட்டது. அவர் எதைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து வந்தாரோ, அதைப் பாராமலே திரும்பினார்.

காவோ லாக் என்பது புக்கெட் தீவுக்கு வடக்கே, பாங் நா மாகாணத்தில், அந்தமான் கடலைப் பார்த்து நீண்டு கிடக்கும் விடுதிக் கரை. ஐரோப்பியர்கள் குளிர்காலத்தில் வெயில் காய வருகிற ஊர் அது. தமிழாசிரியர் மூவருக்கு அங்கே என்ன வேலை என்றால், அதற்குச் சற்று வடக்கே தக்குவாபா இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அப்பகுதியில் கிடைத்ததை வாசகர்கள் அறிவார்கள். நங்கூருடையான் ஒருவன் தொட்ட குளம், அதன் பெயர் அவனிநாரணம், அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம் என்பது அதன் செய்தி. சிதைந்த சில வரிகளே எஞ்சியுள்ளன. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர் என்பர். இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலமும் இவ்வூரே என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. எங்கள் ஆசிரியர் முப்பது ஆண்டுகளாக இந்தக் கல்வெட்டை வகுப்பில் நடத்தியவர். எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். 'அந்தக் குன்றின் அடியில் ஒரு தடவை நின்றுவிட்டு வந்தால் போதும்' என்பார். தங்குவதற்கு வசதியான இடம் காவோ லாக் என்று முடிவு செய்தவர்கள் நாங்கள் இருவர், அவருடைய பழைய மாணவர்கள்.

புக்கெட் விமான நிலையம் தீவின் வடகோடியில் இருக்கிறது. அங்கிருந்து காவோ லாக் வடக்கே எழுபது கிலோமீட்டர் அளவு. காரில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்நிலையத்தின் போக்குவரத்து ஏற்பாடுகளெல்லாம் பெரும்பாலும் தெற்கே பார்த்தவை. பாதோங், காத்தா, கரோன் முதலான தீவுக் கரைகளுக்குப் பேருந்தும் பங்கு வேன்களும் உண்டு. வடக்கே போகிறவனுக்கு வாடகைக்காரே முதலில் கண்ணில் படும். முன்பதிவு செய்தால் விடுதிக்காரர்களே கார் அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் இன்னும் கூடுதல். செல்பேசிச் செயலி வழியாகவும் கார் பிடிக்கலாம். இவற்றைத் தவிர மற்றொன்று உண்டு. புக்கெட் நகரிலிருந்து தக்குவாபா வழியாக வடக்கே செல்லும் நெடுந்தூரப் பேருந்துகள் காவோ லாக்கைக் கடந்தே போகின்றன. ஆனால் அவை விமான நிலையத்துக்குள் வருவதில்லை. ஒன்று, எதிர்த்திசையில் முப்பது கிலோமீட்டர் போய் நகரத்துப் பேருந்து நிலையத்தில் ஏற வேண்டும். அல்லது, விமான நிலையச் சாலை 402ஆம் எண் நெடுஞ்சாலையைச் சேரும் சந்திப்புக்குப் போய், வருகிற பேருந்தைக் கைகாட்டி நிறுத்த வேண்டும்.

கார் முகப்பில் எங்களிடம் 1,500 பாட் கேட்டார்கள். பேருந்து இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்றார்கள். இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஒரு பொய்யே போதுமானதாக இருந்தது. பொய் சொல்கிறவன் வண்டியில் ஏறுவதில்லை என்ற தார்மீக ஆவேசத்தோடு நாங்கள் சந்திப்புக்குப் புறப்பட்டோம். உண்மையைச் சொன்னால் அந்த ஆவேசத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. ஊர் மக்களோடு பேருந்தில் இடிபட்டுப் போவதே பயணம், மற்றதெல்லாம் உல்லாசம் என்றொரு கொள்கை எங்களுக்கு உண்டு. பிற்காலத்தில் எழுதப்போகும் கட்டுரையின் முதல் பத்தி அப்போதே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஐயாவிடம் கேட்கவில்லையா என்றால், கேட்டோம். 'உங்களுக்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம்' என்றார். அவர் வேறு எதைச் சொல்வார்? மாணவர்கள் செலவில் வந்திருக்கிறோம் என்ற கூச்சம் அவருக்கு. இப்படிப்பட்ட சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் எங்கள் முதற்பிழை.

சந்திப்பில் நண்பகல் வெயில். நிழற்குடை என்று சொல்லத்தக்கது எங்கள் கண்ணில் படவில்லை. பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் ஐயாவை உட்கார வைத்தோம். தாழ்வான இடத்திலிருந்து எழுவதுதான் அவர் முழங்காலுக்கு ஆகாதது என்பதை நாங்கள் அறிந்தே இருந்தோம். ஒன்றரை மணி நேரம் கடந்தது. ஒரு பேருந்து நிற்காமல் போயிற்று. ஐயா ஒரு சொல் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும், 'மணிக்கிராமத்தார்கூட வழித்துணைக்குச் சேனையை வைத்துக்கொண்டுதானே போனார்கள், கூலி கொடுக்காமலா?' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். அது எங்களுக்குச் சொன்ன பாடம் என்பது அப்போது உறைக்கவில்லை.

பேருந்து வந்தது. பேருந்துப் பயணம் மோசமாக இருந்ததென்று எழுதினால் அது பொய்யாகும். நடத்துநர் பெண்மணி ஐயாவின் கையைப் பிடித்து ஏற்றி முன்னிருக்கையில் அமர்த்தினார். மூவருக்கும் சேர்ந்து காருக்குக் கேட்டதில் கால்பங்குகூட ஆகவில்லை. பழைய சாரசின் பாலத்தைப் பக்கத்தில் பார்த்தபடி புதிய பாலத்தின் மேல் தீவைவிட்டு நிலத்தில் ஏறினோம். கோக் குளோய், தாய் முவாங் என ஊர்கள். இடையிடையே ரப்பர்த் தோட்டங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும். பின்னர் மலைமேல் வளைந்து ஏறிய சாலை சட்டென்று கீழே இறங்க, மரங்களின் இடுக்கில் கடல் தெரிந்தது. அந்தக் காட்சிக்காக ஐயா எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை.

இங்கே பேருந்தில் போக விரும்புவோருக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். காவோ லாக் என்று ஒரே நிறுத்தம் கிடையாது. நாங் தோங், பாங் நியாங், கூக் காக், பாங் சாக் என்று பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கரைகள் வரிசையாக உள்ளன. எது உங்கள் கரை என்பதைத் தாய் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நெடுஞ்சாலையிலிருந்து விடுதி வரைக்கும் சொங்தேவ் கிடைக்கும். இரண்டு வரிசை என்பது அச்சொல்லின் பொருள், வண்டியும் பின்புறம் இரண்டு நெட்டிருக்கை போட்ட சிறு லாரிதான். அதன் படி உயரமானது. ஐயாவின் கால் அந்தப் படியில்தான் முற்றாக முறுக்கிக்கொண்டது.

மறுநாள் அவரால் நடக்க இயலவில்லை. நாங்கள் இருவர் மட்டும் தக்குவாபா போய், ஆற்றோரமாகப் பிரா நாராய் குன்றுவரை சென்று வந்தோம். நாராயணன் பெயர் அந்த மண்ணில் இன்றும் குன்றின் பெயராக நிற்கிறது. மாலையில் ஐயா கேட்டார், 'குளம் இருந்த இடம் ஏதாவது தெரிகிறதா?' தெரியவில்லை ஐயா என்றோம். புகைப்படங்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாக வெகுநேரம் பார்த்தார்.

ஏ.கே. செட்டியார் தொட்டு இன்றுவரை தமிழில் பயண எழுத்து வளமானதுதான். ஆனால் அண்மைக்காலக் கட்டுரைகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது: குறைந்த செலவில் போனவன் உண்மையைக் கண்டவன், கார் வைத்துப் போனவன் ஒன்றையும் காணாதவன். இந்த வழக்கத்துக்கு எங்களாலான உரத்தை நாங்களும் இட்டிருக்கிறோம். கவனித்துப் பாருங்கள், அக்கட்டுரைகளின் நாயகன் பெரும்பாலும் தனியன். நல்ல கால்கள் உடையவன். இரவு எங்கே தங்கினாலும் அஞ்சத் தேவையில்லாத ஆண். அவனுக்குச் சரியானதை எல்லோர்க்கும் அறமாக விதிப்பது எப்படிப் பொருந்தும்? கூட வருகிறவர்களில் யாருடைய உடல் நலிந்ததோ அவருக்கு ஏற்ற வண்டியே அந்தக் குழுவின் வண்டி என்பது எங்கள் இப்போதைய கருத்து. விமானம் இறங்கும் வேளையும் கணக்கில் வரும். இருட்டிய பின் நெடுஞ்சாலைச் சந்திப்பில் போய் நிற்பதை யாருக்கும் சொல்லமாட்டோம். இளையோர் இருவர், முதுகுப்பை, பகல் வேளை என்றால் பேருந்தே போகட்டும். அந்த மலை இறக்கத்தைக் காரின் கண்ணாடி இத்தனை உயரத்திலிருந்து காட்டாது.

ஆனால் கார்தான் ஒன்றையும் காட்டாது என்பதும் உண்மையில்லை. திரும்பும்போது விடுதி வாசலிலேயே கார் ஏற்பாடு செய்தோம். விலை முதலிலேயே பேசி முடிந்தது. பாங் நியாங்கில் ஓட்டுநர் தாமாகவே நிறுத்தினார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக உள்ளே தூக்கியெறிந்த 813ஆம் எண் காவல் படகு அங்கே நினைவுச் சின்னமாக நிற்கிறது. வந்த அன்று பேருந்தில் இதைக் கடந்தே போயிருக்கிறோம்; எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்ற பதற்றத்தில் பார்க்கவில்லை. ஐயா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அமர்ந்தபடியே பார்த்தார். அவருடைய ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம். அதே காலையில் அங்கே என்ன நடந்தது என்பதை ஓட்டுநரிடம் கையாலும் நாலைந்து ஆங்கிலச் சொற்களாலும் சொன்னார். ஓட்டுநர் தம் தரப்பைச் சொன்னார். இருவருக்கும் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, வண்டி புறப்படச் சற்று நேரமாயிற்று.

விமானம் இரவில்தான். ஆகவே விமான நிலையத்தைத் தாண்டித் தெற்கே தலாங் தேசிய அருங்காட்சியகம் வரைக்கும் போகச் சொன்னோம். தக்குவாபாவில் கிடைத்த, ஒன்பதாம் நூற்றாண்டுத் திருமால் சிலை அங்கே உள்ளது. வாசலுக்கு மிக அருகே வண்டி நின்றது. ஐயா எங்கள் தோள்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சிலைக்கு முன்னால் போட்டோம். அங்கே அவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். காத்திருந்ததற்கு ஓட்டுநர் 300 பாட் கூடுதலாகக் கேட்டார். கொடுத்தோம்.