எழுதி வையுங்கள், சகோதரர்களே!



ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து வாகன இன்ஷூரன்ஸ் எழுதும் இரண்டு இளைஞர்கள். ஒரே மஹல்லா, ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்கள். ஒருநாள் அஸருக்குப் பிறகு பார்த்தால் இருவரும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லாமல் வெவ்வேறு வாசல் வழியாகப் போகிறார்கள்! விசாரித்தபோது, நான்கு லாரிகளின் பாலிசியில் வந்த 6,000 ரூபாய் கமிஷன்தான் காரணம் என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். லாரி உரிமையாளரை முதலில் பிடித்து வந்தவர் ஒருவர். மறுவருடம் பாலிசி முடியும் நேரத்தில் அவர் தாயாருடன் மருத்துவமனையில் இருந்தார். பாலிசி காலாவதியானால் லாரி ரோட்டில் இறங்க முடியாது. எனவே பக்கத்து நாற்காலிக்காரர் ஓடியாடிப் புதுப்பித்துக் கொடுத்தார்; தன் பெயரிலேயே பதிந்தும் கொண்டார். "என் வாடிக்கையாளர்" என்கிறார் முதலாமவர். "என் உழைப்பு" என்கிறார் இரண்டாமவர். யார் சொல்வது நியாயம்?

நியாயம் பேசுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் தொழிலே கூடுமா என்பது தனி விஷயம். நிர்ணயிக்கப்பட்ட பிரீமியம் வாங்கும் வர்த்தக இன்ஷூரன்ஸ் கூடாது என்றும், கூட்டுறவு முறையே அதற்கு மாற்று என்றும் 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் விற்கும் தம்பிகள் நம்பிக்கையான ஆலிம்களைக் கேட்டுத் தங்கள் வழியைச் சீர் செய்துகொள்ளட்டும். வாகனத்திற்கோ 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. நான் பேச வந்தது கமிஷன் தகராறைப் பற்றி. நிலத் தரகிலும், தோல் மண்டியிலும், உம்ரா டிக்கெட் எடுத்துத் தரும் டிராவல்ஸிலும் இதே சண்டைதான் நடக்கிறது!

தரகுக் கூலி மார்க்கத்தில் இழிவானதல்ல. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பில் தரகர் கூலிக்கென்றே ஒரு தலைப்பு இட்டுள்ளார்கள். காரியத்தை முடித்துத் தருபவருக்கு இன்ன கூலி என்று அறிவிப்பதை ஃபிக்ஹில் 'ஜுஆலா' என்பார்கள். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், அரசரின் குவளையைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதே, அதுதான் இதற்குச் சான்று.

நம் கடற்கரை ஊர் மதரஸாக்களில் ஓதப்படும் 'மின்ஹாஜ்' என்ற ஷாஃபிஈ சட்ட நூலில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதைப் பிரித்துக் காட்டுகிறார்கள். இருவர் சேர்ந்து காரியத்தை முடித்தால் கூலியில் இருவருக்கும் பங்கு. ஆனால் ஒருவருக்கென்று பேசப்பட்ட வேலையில் மற்றவர் உதவும் எண்ணத்தில் கை கொடுத்தால், முழுக் கூலியும் முதலாமவருக்கே. கம்பெனி கமிஷனும் இதுவும் அச்சு அசலாக ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் அளவுகோல் கிடைக்கிறதல்லவா? எந்த நிய்யத்தில் இறங்கினாய் என்று முதலில் உன்னையே கேள்!

அதைத்தான் இரண்டாமவரிடம் கேட்டோம். சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு, "லாரிக்காரரிடம் போனில் பேசும்போது, 'அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவருக்காக நான் செய்து தருகிறேன்' என்றுதான் சொன்னேன் ஹஜ்ரத்" என்றார். வழக்கு அங்கேயே முடிந்தது. அவர் பணத்தை எடுத்து வைத்தார். முதலாமவர் அதில் பாதியை அவர் கையிலேயே திணித்தார். தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று!

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் எனக்கு நினைவு வந்தது. சாட்சியில்லாத சொத்து வழக்கோடு இருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். வாதத் திறமையால் தன் சகோதரனின் ஹக்கைப் பெறுபவன் நெருப்புத் துண்டைப் பெறுகிறான் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுதார்கள். என் பங்கு என் சகோதரனுக்கே என்றார்கள் இருவரும்! பங்கிட்டுக் கொள்ளுங்கள், சீட்டுப் போடுங்கள், பின் ஒருவரையொருவர் ஹலாலாக்கிக் கொள்ளுங்கள் என்று நபியவர்கள் வழி காட்டினார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.

ஆனால் எல்லாரும் அழுது விடுவார்கள் என்று நம்பித் தொழில் நடத்த முடியுமா? அதனால்தானே அல்லாஹ் எழுதி வைக்கச் சொன்னான்! திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதுவது பற்றியது. சிறியதோ பெரியதோ, எழுதச் சலிப்படையாதீர் என்கிறது அதன் கருத்து. நாமோ "நமக்குள்ளே எதற்குப் பேப்பர்?" என்கிறோம்!

ஆகவே, சேர்ந்து தொழில் செய்யும் சகோதரர்களே, இவற்றை இன்றே செய்யுங்கள்.

ஒன்று: ஆளைக் கொண்டு வந்தவருக்கு எவ்வளவு, முடித்துக் கொடுத்தவருக்கு எவ்வளவு, மறுவருடம் புதுப்பித்தால் யாருக்கு, ஒருவர் லீவிலோ வெளிநாட்டிலோ இருந்தால் என்ன முறை என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக் கையெழுத்திடுங்கள். 1938ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம் அனுமதி பெறாதவருக்குக் கமிஷன் தரக்கூடாது என்கிறது. அத்தகைய உதவியாளருக்கு நிர்ணயித்த சம்பளம் பேசுங்கள்.

இரண்டு: தேதி, வாடிக்கையாளர், கொண்டு வந்தவர், முடித்தவர் என்று ஒரு நோட்டுப் போடுங்கள். அன்றன்றே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தாலும் சரி.

மூன்று: உன் கமிஷனில் குறைத்துத் தருவதாகச் சொல்லி நண்பனின் வாடிக்கையாளரை இழுக்காதே. அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சகோதரனின் வியாபாரத்தின் மீது வியாபாரம் செய்வதை அதற்கு முன்பே நபியவர்கள் தடுத்துவிட்டார்கள்.

நான்கு: தகராறு வந்தால் மூன்று நாளைக்குள் நியாயமான இருவரை வைத்துப் பேசி முடியுங்கள். அதற்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுக்க நமக்கு அனுமதியில்லை. பேச அமர்பவர்கள் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 99 ஆட்டுக்காரன், ஒற்றை ஆட்டுக்காரன் வழக்கில் தாவூத் (அலை) அவர்கள் சோதிக்கப்பட்டது இதில்தான் என்று விரிவுரையாளர்கள் சிலர் கூறுவர்.

முதலாளிமார்களே! உங்களுக்கும் ஒரு சொல். பையன்கள் அடித்துக்கொள்வது பல இடங்களில் நீங்கள் கணக்கை மூடி வைப்பதால்தான். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள். கணக்கைத் திறந்து காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கல்வியிலும் வேலையிலும் நம் பங்கைக் கேட்டு வீதியில் நின்ற சமுதாயம் இது. 2007இல் தமிழகத்தில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. ஆட்சியாளரிடம் பங்கு கேட்கத் தெரிந்த நமக்கு, பக்கத்து நாற்காலிக்காரனின் பங்கைக் கொடுக்கத் தெரியவில்லையென்றால் நம் கோஷத்திற்கு என்ன மதிப்பு?

நாளைக் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்குங்கள். முகம் திருப்பியிருக்கும் நண்பன் இருந்தால், நீங்களே முந்திக்கொண்டு ஸலாம் சொல்லுங்கள். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.