வீடு பார்க்கும்போதே கேளுங்க... அது அரசு பள்ளியா, உதவி பெறும் பள்ளியா?

நாகர்கோவில்:-

பிள்ளைகள் படிப்புக்காக பூதப்பாண்டி, குலசேகரம் பக்கமிருந்து நாகர்கோவிலுக்கு வீடு மாறும் குடும்பங்கள் ஏராளம். வடசேரியா, கோட்டாறா, வெட்டூர்ணிமடமா என்று வாடகையை விசாரிக்கிறார்கள். பள்ளியை யார் நடத்துகிறார்கள் என்று கேட்பவர் குறைவு. சிக்கலே அங்கேதான்.

மருத்துவ படிப்பில் அரசு பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல் வந்தது. மறுவருஷம் என்ஜினீயரிங்குக்கும் வந்தது. இடம் கிடைத்தால் கல்லூரி கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். ஆனால் 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்திருக்கணும். (கல்வி உரிமைச் சட்டத்தில் 8-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவர்கள், 9-ல் இருந்து அரசு பள்ளிக்கு வந்தாலும் சரி.) அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இது கிடையாது.

நம்ம ஊரில் பேர் வாங்கிய பழைய பள்ளிகள் பலவும் உதவி பெறும் பள்ளிகள்தான். ஸ்காட், கார்மல் எல்லாம் அந்த வகை. படிப்பில் சோடை கிடையாது. வாத்தியார் சம்பளத்தை அரசு கொடுப்பதால், "அதுவும் கவர்மெண்ட் பள்ளிதானே" என்று பெற்றோர் நினைத்து விடுகிறார்கள். கவுன்சிலிங் நேரத்தில் தெரிந்து என்ன செய்ய?

பிள்ளை டாக்டருக்குப் படிக்கணும் என்று ஆசை இருந்தால், 5-ம் வகுப்பு முடியும்போதே முடிவு பண்ணுங்க. எஸ்.எல்.பி. அரசு பள்ளிக்கோ, கோட்டாறு கவிமணி அரசு பெண்கள் பள்ளிக்கோ நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்க. வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.