தரங்கம்பாடி செல்வோம்

கல்விச் சுற்றுலா என்றதும் நம் மாணவர்க்கு உதகையும் கோடைக்கானலுமே நினைவில் எழுகின்றன. தமிழ் பயில்வோர் முதற்கண் காணத்தக்க கடலோர ஊர் தரங்கம்பாடி என்பது நம் கருத்து.

அங்குச் செல்வோரும் 1620இல் டேனிஷ்காரர் எழுப்பத் தொடங்கிய கோட்டையின்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். கோட்டைக்கு அரை மணி நேரம் போதும். அலைவாய்க் கரையில் நிற்கிறது மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கும் கல்வெட்டு இக்கோயிலுக்குரியது. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கடல்கோளை ஏட்டில் மட்டுமே படித்த நம் மாணவர் அதனை இங்குக் கண்ணாரக் காணலாம்.

சிறிது தொலைவில், 1718இல் கட்டப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்துள் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பெற்றுள்ளார். 1706இல் வந்திறங்கி, சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் கற்றவர் என்பர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இவ்வூரிலேயே அச்சேறி முடிந்தது. நம் துறை நூலகத்தை நிறைத்துள்ள அச்சு நூல்களின் வரலாற்றில் இவ்வூர்க்குத் தனியிடமுண்டு.

பிற சமயத்தார் தலங்களுக்கு நம் பிள்ளைகள் ஏன் செல்ல வேண்டும் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். தமிழ்த்துறைக்கு அவை பாடநூல்கள் அல்லவா! அடுத்த கல்வியாண்டில் துறை ஒரு முழுநாளை இதற்கென ஒதுக்கட்டும். மாணவர் ஒளிப்படக் கருவியோடு குறிப்பேடும் கொண்டு வரட்டும்.