அலைவரிசைப் பற்றாக்குறையும் செய்தித் தடையும்

அலைவரிசை அரிதான பொதுச்சொத்து ஆகையால், இந்தியாவில் வானொலி உரிமம் பெறுவோர் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பலாகாதென அரசு தடுப்பது முறையே என்னும் வாதம், இரு வேறு கேள்விகளை ஒன்றாக்கிக் குழப்புகிறது. ஒரே பகுதியில் இரு நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால் இரண்டுமே தெளிவாகக் கேட்கமாட்டா என்பதால் ஒதுக்கீட்டு உரிமம் தேவைதான். ஆனால் ஒதுக்கிய அலைவரிசையில் திரைப்பாடல் ஒலித்தாலும் ஊராட்சிச் செய்தி ஒலித்தாலும் அது கொள்ளும் இடம் ஒன்றே. இவ்வாதத்தினர் துணைக்கழைக்கும் 1995ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு (வங்காள கிரிக்கெட் சங்க வழக்கு), அலைவரிசையைப் பொதுச்சொத்து என்றதோடு நில்லாமல், அரசின் ஏகபோகத்தை மறுத்து, அலைவரிசையை முறைப்படுத்தத் தன்னாட்சி அமைப்பொன்றை நிறுவுமாறும் பணித்தது. அப்பகுதியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவது நேர்மையன்று.

செய்தித் தடைக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு என்னும் காரணமும் நிற்காது. செயற்கைக்கோள் வழியே நாடெங்கும் பரவும் தனியார் தொலைக்காட்சிகள் இரவுபகலாகச் செய்தி வழங்க அனுமதிக்கப்படுகையில், பொதுவாக 100 வாட் கதிர்வீச்சாற்றலுடன் சில கிலோமீட்டர் மட்டுமே எட்டும் சமுதாய வானொலி, அதாவது கல்வி நிறுவனமோ தொண்டு நிறுவனமோ இலாப நோக்கின்றித் தன் வட்டாரத்துக்காக நடத்தும் நிலையம், அகில இந்திய வானொலியின் செய்தியை அஞ்சல் செய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருப்பது எவ்வகை நியாயம்? ஒலிபரப்பியவற்றின் பதிவுகளை மூன்று மாதம் காத்துவைக்க வேண்டுமென்று சமுதாய வானொலிக்கான 2006ஆம் ஆண்டு நெறிமுறைகளே விதித்துள்ளதால், தவறு நேர்ந்தபின் சான்றோடு நடவடிக்கை எடுக்க வழியுண்டு. 2008இல் அன்றைய மேதக் மாவட்டத்தில் தலித் பெண்கள் தொடங்கிய சங்கம் வானொலியில் விதையையும் வேளாண்மையையும் பேசலாம். அவ்விதையின் விலையைத் தீர்மானிக்கும் அரசியலைச் செய்தியாகத் தொகுத்து வழங்க மட்டும் அந்நெறிமுறைகள் இடந்தரவில்லை.