சூயஸ் வளைகுடாக் காற்றும் எகிப்தின் மின்சக்தியும்

பாலைவனம் என்றதும் புழுதிப் புயலே பலருடைய நினைவுக்கு வருகிறது. மின் உற்பத்திக்கோ புயலால் பயன் இல்லை. வேகம் அளவு கடந்தால் காற்றாலை தானே நின்றுவிடும். வேண்டுவது ஆண்டின் பெரும்பகுதியும் ஓயாது வீசும் காற்று. எகிப்தில் அத்தகைய காற்று எங்கும் ஒரே தன்மையாகக் கிடைப்பதன்று. சூயஸ் வளைகுடாவின் மேற்குக் கரையில் அது சிறப்பாக அமைந்திருக்கிறது. இருபுறமும் மலைகள் நிற்க, வடமேற்கிலிருந்து வரும் காற்று அவற்றினிடையே நெருக்குண்டு விரைகிறது. கரையின் தென்பகுதியிலுள்ள ஜபல் அல் ஸெயிட்டில் அதன் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர்.

இதன் பொருளை ஆசிரியர்கள் ஒரு கணக்கினால் விளக்கலாம். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். ஆதலின், 5 மீட்டர் வேகக் காற்றைவிட 10 மீட்டர் வேகக் காற்றில் எட்டு மடங்கு ஆற்றல் உண்டு. இடத் தேர்வில் நேரும் சிறு பிழையும் பெரு நஷ்டமாகும். எகிப்து 1991 முதலே இக்கரையில் காற்றை முறையாக அளந்து வந்தது. ஸஃபரானாவில் 2010 அளவில் 545 மெகாவாட் நிலையம் நிறைவு பெற்றதற்கு அவ்வளவையே அடிப்படை. அளப்பதற்குச் செலவிட்ட பொருள் வீண் என்பாரும் உளர். உண்மையில் அதனினும் சிக்கனமான செலவு வேறில்லை.

காற்று ஓய்ந்தால் என் செய்வது? அஸ்வான் உயர் அணையின் மின்திறன் 2,100 மெகாவாட். காற்று வீசும்போது நீரைத் தேக்கி, ஓய்ந்தபோது திறக்கலாமே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அந்நீர் முதற்கண் உழவருக்குரியது. பாசனத் தேவையை ஒட்டியே விடப்படுகிறது. மின்நிலையத்தின் வசதிக்காகப் பல நாள் நிறுத்தி வைத்தல் இயலாது. எனவே, மின்கலத் தொகுதிகள் போதிய அளவு பெருகும் வரை, இயற்கை வாயு நிலையங்கள் இருந்தே தீரவேண்டும். காற்று அவற்றின் எரிபொருளை மிச்சப்படுத்துமேயன்றி அவற்றை அகற்றிவிடாது. இதனை மறைத்துக் காற்றுச் சக்தியைப் புகழ்வது அதற்குச் செய்யும் நன்மை ஆகாது.

வெப்பத்தால் காற்று இலேசாவதும், மணல் உராய்ந்து இறக்கைகளின் விளிம்பு தேய்வதும் பராமரிப்பிற்குரிய செய்திகள். அவை திட்டத்தைத் தடுப்பன அல்ல. பறவைகளின் செய்தி வேறு. ஐரோப்பாவிற்கும் ஆப்பிரிக்காவிற்கும் இடையே வலசை செல்லும் நாரைகளும் கழுகுகளும் இக்கரை வழியாகவே பறக்கின்றன. ஜபல் அல் ஸெயிட்டில் வலசைக் காலத்தில் ராடார்க் கருவியும் பார்வையாளரும் கூட்டம் வருவதை அறிவிக்க, அதன் வழியிலுள்ள காற்றாலைகள் நிறுத்தப்படுகின்றன. இதனால் குறையும் மின்சாரம் சொற்பமே. வளைகுடாக் கரையில் இனி எழும் ஒவ்வொரு நிலையத்திற்கும் இந்த ஏற்பாட்டை உரிமத்தின் நிபந்தனையாகவே விதித்தல் தகும்.